காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள்: எங்கள் கம்யூனிட்டி காலேஜ் டியூட்டரிங் சென்டர்

கலிபோர்னியாவில் சான்டா கிளாரா கவுண்டிப் பக்கம் குடியிருக்கும் நம் பெண்களில், ஊரில் ஒரு டிகிரி முடித்துவிட்டு, இங்கே வந்து பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் மறுபடி படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு வருஷப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் பற்றி யாராவது அவர்கள் காதில் போட்டுவிடுகிறார்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு ஒன்றுக்கு, 46 டாலர்தான் என்பதும் தெரிந்துவிடுகிறது. அதே வளாகத்தில் ஒரு பைசா வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொன்னாலும், "அது மார்க் வராத பிள்ளைங்களுக்குப்பா" என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் பி.காம் படித்தவள். இப்போது நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் முடித்தாக வேண்டிய பாடங்களை ஒவ்வொன்றாக முடித்து வருகிறேன்: இங்கிலீஷ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அனாட்டமி என்று ஒரு வரிசை. இந்த மூன்றுக்கும் டியூட்டரிங் சென்டரைப் பயன்படுத்தியிருக்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அது அங்கே வேலை செய்யும் நல்ல மனிதர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். தவிர, மாநிலத்தில் இருக்கும் 116 கம்யூனிட்டி காலேஜ்களில் எதில் சேர்ந்தாலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

எங்கள் சென்டர் லைப்ரரி கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. வாசலில் உள்ள கம்ப்யூட்டரில் மாணவர் எண்ணைத் தட்டி, எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுத்து உள்ளே போக வேண்டும். கிளம்பும்போதும் அப்படியே பதிய வேண்டும். இதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பல கல்லூரிகளில் இந்த டியூட்டரிங் ஒரு பூஜ்ய யூனிட் வகுப்பாகப் பதிவாகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கணக்குக் காட்டித்தான் கல்லூரி மாநிலத்திடம் பணம் வாங்குகிறது. நமக்குக் கட்டணமும் இல்லை, கிரேடும் இல்லை. ஆனால் நாம் பதிந்தால்தான் அடுத்த செமஸ்டரில் அந்த டியூட்டருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கும்.

உள்ளே வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் பாடத்தின் பெயர் எழுதிய அட்டை. சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. மேஜை நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கப் இருக்கும். உதவி வேண்டுமென்றால் அதை நிமிர்த்தி வைத்தால் போதும், டியூட்டர் வந்துவிடுவார். கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டாம், கவுன்டரில் போய் நிற்க வேண்டாம். வாய் திறந்து கேட்கத் தயங்குகிறவர்களுக்கு இந்தக் கப் பெரிய உபகாரம். கேள்வி இல்லாவிட்டாலும் அங்கேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்யலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான். சிக்கும் இடம் வந்தால் கப்பை நிமிர்த்துவேன்.

டியூட்டர்களில் பெரும்பாலானோர் மாணவர்களே. அதே பாடத்தை அதே கல்லூரியில் படித்து, நல்ல கிரேடு வாங்கி, பேராசிரியரின் பரிந்துரையோடு வந்தவர்கள். மணிக் கணக்கில் சம்பளம். எப்படிச் சொல்லித் தருவது என்று அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி நடக்கிறது. இதற்கென்று சிஆர்எல்ஏ என்ற அமைப்பு தரச்சான்று கொடுக்கிறது. கட்டுரை எழுத உதவும் ரைட்டிங் சென்டரில் மட்டும் இங்கிலீஷ் ஆசிரியர்களே சில மணி நேரம் உட்காருகிறார்கள்.

நம் ஊர் டியூஷனை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஊரில் டியூஷன் என்றால் சார் இன்னொரு தரம் பாடம் நடத்துவார், நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதுவோம், முக்கியமான கேள்விகளுக்கு நட்சத்திரம் போட்டுத் தருவார். இங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை. டியூட்டர் பென்சிலையே தொட மாட்டார். "நீங்க எதுவரைக்கும் வந்திருக்கீங்க, காட்டுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. வெற்றுத் தாளோடு போனால் அந்த வெற்றுத் தாளிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், பாதி நேரம் அதிலேயே போய்விடும். தப்போ சரியோ, நாமே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் அரை மணி நேரத்தில் கிடைப்பது ஒரு வார வகுப்புக்குச் சமம்.

ரைட்டிங் சென்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான். கணக்கு நமக்கு எப்படியும் வந்துவிடும். இங்கிலீஷில் பேசவும் படிக்கவும் தெரிந்தவர்கள்கூட இங்கே கேட்கிற கட்டுரையைப் பார்த்ததும் தடுமாறுகிறார்கள்.

நாம் பள்ளியில் கற்றது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முன்னுரையில் உலகம் தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பிப்போம். சொல்ல வந்தது முடிவுரையில்தான் வரும். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் துரித உணவுக் கடைத் தொழிலாளர்களுக்கு வந்த மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி. அது நல்லதா கெட்டதா என்று வாதிட வேண்டும். நான் எழுதிக்கொண்டு போனதை ரைட்டிங் சென்டரில் இருந்த டியூட்டர் அம்மாள் வாங்கிப் படிக்கவில்லை. என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். வயதானவர், பல வருஷம் வகுப்பெடுத்தவர். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "இதுல ஒரே ஒரு வரிதான் வச்சுக்கலாம்னா, எதை வச்சுக்குவீங்க?"

நான் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரியைக் காட்டினேன். கூலி ஏறியதால் விலை ஏறுகிறது என்று புகார் சொல்கிறவர்கள், வீட்டு வாடகை ஏறியபோது இந்தத் தொழிலாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்பதில்லை என்கிற வரி. அவர் பென்சிலை என் கையில் கொடுத்து, அந்த வரியிலிருந்து முதல் பத்தியின் கடைசிக்கு ஓர் அம்புக்குறி போடச் சொன்னார். அவ்வளவுதான். "இப்போ ஒவ்வொரு பத்தியையும் பார்த்து, இந்த வரிக்கு உதவுதான்னு கேளுங்க" என்றார். இரண்டு பத்திகள் உதவவில்லை. அவர் அடிக்கச் சொல்லவில்லை, நானே அடித்தேன். முதல் பத்தியில் கருத்தைச் சொல்லிவிட்டு, பிறகு பத்திக்கு ஒரு காரணமாக நிறுவிக்கொண்டு போவதுதான் இங்கே எழுதும் முறை. வகுப்பிலும் பேராசிரியர் இதைத்தான் சொன்னார். ஆனால் என் வரிகளை வைத்து என் கையாலேயே செய்யவைத்தபோதுதான் அது உள்ளே இறங்கியது.

இன்னொரு விஷயம், மேற்கோள். ஊரில் புத்தகத்தில் உள்ளபடியே வரி மாறாமல் எழுதினால் முழு மார்க். இங்கே அதையே செய்தால் திருட்டு. வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் ஆதாரமும் வேண்டும். நம் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினாலும் ஆதாரம் வேண்டும். இது தெரியாமல் செய்தாலும் கல்லூரி விதிப்படி குற்றம்தான், பூஜ்யம் வரைக்கும் போகும். அந்த அம்மாள் காட்டிய வழி எளிது. கட்டுரையைப் படி, மூடி வை, எனக்கு வாயால் சொல், பிறகு எழுது, அப்புறம் திறந்து ஒப்பிட்டுப் பார். வாயால் சொல்லும்போது அது தானாகவே நம் வார்த்தையாகிவிடுகிறது. என் மகளின் ஸ்கூல் புராஜெக்டுக்கும் இப்போது இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பிழை திருத்தித் தர மாட்டார்கள். "கிராமர் மட்டும் பாத்துக் கொடுங்க" என்று கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு பத்தியை எடுத்து, அதில் நாம் திரும்பத் திரும்ப எங்கே சறுக்குகிறோம் என்று காட்டுவார்கள். எனக்கு அது 'ஏ', 'தி' என்ற ஆர்டிகிள்கள் இரண்டும். விட வேண்டிய இடத்தில் போடுவேன், போட வேண்டிய இடத்தில் விடுவேன். ஒரு பத்தியில் காட்டிவிட்டு மிச்சத்தை நீங்களே தேடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். இது சிலருக்குக் கோபம் வரவழைக்கிறது. எனக்கு இதுதான் அந்த இடத்தின் மதிப்பே. திருத்தி வாங்கிய கட்டுரைக்கு ஒரு தடவை மார்க் வரும், வகுப்பில் உட்கார்ந்து எழுதும் பரீட்சையில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேஜை வேறு மாதிரி. அங்கே எப்போதும் கூட்டம், நாலைந்து பேருக்கு ஒரு டியூட்டர். ஒரு நாள் பக்கத்தில் இரவு ஷிப்டில் வேர்ஹவுஸ் வேலை பார்க்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணக்கு, மாணவர்களின் தூக்கம் பற்றியது. சில மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு மாதிரியை (சாம்பிள்) வைத்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது எல்லா மாணவர்களின் சராசரி இருக்கக்கூடிய எல்லை, கண்டுபிடிக்க வேண்டும். கால்குலேட்டரில் தட்டி 6.0 மணியிலிருந்து 6.8 மணி வரை என்று சரியாகவே போட்டிருந்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த கேள்வி. "95 சதவீத மாணவர்கள் 6 மணியிலிருந்து 6.8 மணி வரை தூங்குகிறார்கள்" என்று எழுதியிருந்தார். மேஜையில் இருந்த இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்ததும் அதுதான்.

டியூட்டர் இருபது வயதுப் பெண், யூசி (கலிபோர்னியா யூனிவர்சிட்டி) வளாகம் ஒன்றுக்கு மாறுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். தப்பு என்று சொல்லாமல் பலகைக்குப் போய் நெடுக ஒரு கோடு கிழித்தாள். இதுதான் எல்லா மாணவர்களின் உண்மையான சராசரி, நமக்குத் தெரியாது என்றாள். பிறகு மேஜையில் இருந்த ஒவ்வொருவரையும் எழுப்பி, ஆளுக்கு நாலு குறுக்குக் கோடு போடச் சொன்னாள். ஒவ்வொரு குறுக்குக் கோடும் யாரோ ஒருவர் தனியாக மாதிரி எடுத்துக் கண்டுபிடித்த இடைவெளி. மொத்தம் இருபது கோடு. ஒன்றை மட்டும் நெடுங்கோட்டைத் தொடாமல் தள்ளிப் போடச் சொன்னாள். "இந்த இருபதுல உங்களது எது?" என்று அந்த அண்ணனைக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது எனக்குத் தெரியாதே" என்றார். அதுதான் விடை. இப்படித் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 95 இடைவெளிகள் உண்மையான சராசரியைப் பிடிக்கும். அந்த 95 மாணவர்களைப் பற்றியது இல்லை, முறையைப் பற்றியது. பலகையில் போட்ட அந்தக் கோடுகளை நான் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அனாட்டமிக்கு மாதிரி எலும்புகள் பெட்டியோடு அங்கேயே கிடைக்கும். கையில் தோள்பட்டை எலும்பைக் கொடுத்து "இடதா வலதா?" என்றுதான் முதல் கேள்வி. பின்பக்கம் மேடாக நிற்கும் முள் எங்கே, கை எலும்பு பொருந்தும் குழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பதில் வந்துவிடும். படத்தை மனப்பாடம் செய்து இதைப் பிடிக்க முடியாது, செய்முறைப் பரீட்சையில் இதைத்தான் கேட்பார்கள். எலும்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சென்டர்களில் இப்போது கூட்டம் அதிகம் இருப்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. முன்பெல்லாம் சேரும்போதே ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்து, மார்க் குறைந்தால் யூனிவர்சிட்டிக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகளில் போட்டுவிடுவார்கள். அதிலேயே இரண்டு மூன்று செமஸ்டர் சுற்றிவிட்டு, முடிக்காமலே போனவர்கள் ஏராளம். 2017இல் ஏபி 705 என்ற சட்டம் வந்தது. 2019 இலையுதிர் பருவத்திலிருந்து கல்லூரிகள் உயர்நிலைப் பள்ளி மார்க்கைப் பார்த்து, ஒரே வருஷத்துக்குள் யூனிவர்சிட்டி நிலை இங்கிலீஷையும் கணக்கையும் முடிக்கும் வாய்ப்பு அதிகம் இருக்கும்படி மாணவர்களைச் சேர்த்தாக வேண்டும் என்று ஆனது. 2022இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. நல்ல சட்டம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பதினைந்து வருஷம் கழித்துப் புத்தகத்தைத் திறப்பவரும், நேற்று ஹைஸ்கூல் முடித்தவரும் ஒரே வகுப்பில் முதல் நாளே ஒரே பாடத்தை எதிர்கொள்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் இந்த டியூட்டர்கள்தான். 18 வயது நிரம்பிய எவரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியில் இவர்களை ஓர் உபரி வசதியாக நினைக்கக் கூடாது.

சரி, குறைகள். நேரம்தான் முதல் குறை. எங்கள் சென்டர் மாலை ஆறு மணிக்குச் சாத்திவிடுகிறது, வெள்ளிக்கிழமை மதியத்தோடு சரி, சனி ஞாயிறு கிடையாது. வேலைக்குப் போய்விட்டு இரவு வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இது என்ன பயன்? அவர்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை. இரவில் ஆன்லைனில் கேட்கலாம் என்று வெளிக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவருக்கு நம் பேராசிரியர் எப்படி நடத்துகிறார், எந்தக் குறியீடு பயன்படுத்துகிறார் என்று தெரியாது. தட்டச்சு செய்து கேள்வியைப் புரியவைப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. கட்டுரையை அனுப்பிவிட்டுக் கருத்து வாங்க மட்டும் அது உருப்படியாக இருக்கிறது.

இரண்டாவது, குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. காப்பீடு, விதிமுறை என்று காரணங்கள் இருக்கலாம். ஸ்கூல் லீவு நாளில் ஆறு வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? ஓரமாக ஒரு மேஜை, கொஞ்சம் கலர் பென்சில் இருந்தால் போதும். எத்தனை தாய்மார்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்கள் என்று அங்கே பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும்.

மிட்டெர்ம், ஃபைனல் வாரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது, ஆளுக்கு இருபது நிமிஷம்தான். மைக்ரோபயாலஜி மாதிரிப் பாடங்களுக்கு ஒரே ஒரு டியூட்டர், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரும் இல்லை. எல்லா டியூட்டர்களும் ஒரே தரமில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் பென்சிலை வாங்கி முழுக் கணக்கையும் தானே போட்டு முடித்துவிட்டான், ஆர்வக் கோளாறு. அப்படி நடந்தால் "நானே போடறேன், எங்கே தப்புன்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் சங்கடப்படுவதில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை மார்க், சீக்கிரம் சாத்திவிடுவதற்கும் பிள்ளைகளை உள்ளே விடாததற்குமாகக் குறைத்தது. தெரிந்தவரின் மகனுக்கு ஜியோமெட்ரி சொல்லித் தர வெளியே மணிக்கு 60 டாலர் கேட்டார்கள். அதே இடத்தில்தான் இது இலவசமாகக் கிடைக்கிறது.

இதோடு சேர்ந்தவையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சில வகுப்புகளில் எஸ்ஐ (சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன்) லீடர் என்று ஒருவர் நம்மோடு வகுப்பிலேயே உட்காருவார், பிறகு தனியாகக் குழுப் படிப்பு நடத்துவார். 1973இல் மிசௌரி யூனிவர்சிட்டியின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய முறை இது. உங்கள் வகுப்புக்கு இருந்தால் தவறவிடாதீர்கள். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு 1969 முதல் ஈஓபிஎஸ் என்ற உதவித் திட்டம் இருக்கிறது, புத்தகச் செலவுக்கும் உதவுவார்கள், தகுதி விதிகளை அவர்களிடமே கேளுங்கள். கற்றல் குறைபாடோ வேறு உடல் சிரமமோ உள்ளவர்களுக்கு டிஎஸ்பிஎஸ் என்ற உதவிப் பிரிவு மூலம் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும். லைப்ரரியில் பாடப் புத்தகங்களை ரிசர்வில் வைத்திருக்கிறார்கள், கிராபிங் கால்குலேட்டரை செமஸ்டர் முழுக்கக் கடன் தருகிறார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குப் பல வகுப்புகளில் இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸ் அமைப்பின் புத்தகம்தான். அதை எழுதிய பார்பரா இல்லோவ்ஸ்கி, சூசன் டீன் இருவரும் இதே கவுண்டியில், கூபர்டினோவில் இருக்கும் டி ஆன்சா கல்லூரியில் கற்பித்தவர்கள். கம்யூனிட்டி காலேஜ் என்றால் மட்டமாக நினைக்கிற மாமாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். டியூட்டரிங் பெரும்பாலும் இரண்டாம் வாரம் திறக்கும். அந்த வாரமே போய், பிடித்த டியூட்டர் எந்த நாள், எந்த நேரம் வருகிறார் என்று எழுதிக்கொண்டு, வாராவாரம் அதே நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அக்டோபரில் போனால் காலை பத்திலிருந்து இரண்டு வரையான நேரம், அதாவது பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும் நேரம், ஒன்றுகூட மிச்சமிருக்காது. போகும்போது பேராசிரியர் கொடுத்த கேள்வித்தாளும், நீங்கள் போட்டுப் பார்த்த தாளும் கையில் இருக்கட்டும். ரைட்டிங் சென்டருக்கு என்றால் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், லேப்டாப் திரையில் அம்புக்குறி போட முடியாது.